தென்னந்தோப்புல 25 லட்சத்துக்கு ஏசி இல்லாத ஃபார்ம்ஹவுஸ்: எந்தக் கல்லுன்னு கேட்டீங்க, நான் கூரையில இருந்து ஆரம்பிக்கிறேன்

நீங்க கேட்டது இதுதான். உடுமலை பக்கம் 3 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கு, அப்பா அம்மா ரெண்டு பேரும் டவுன் வீட்ட விட்டுட்டு தோப்புலயே வந்து இருக்கணும்னு ஆசப்படுறாங்க, கையில 25 லட்சம், 1,800 சதுர அடியில மாடர்ன் ஃபார்ம்ஹவுஸ் ஸ்டைல்ல ஒரு வீடு, ஏசி இல்லாம குளுமையா இருக்கணும், கரண்ட் பில்லும் கம்மியா வரணும், இதுக்கு ஏஏசி பிளாக்கா (காத்துக்குமிழ் நிறைஞ்ச லேசான சிமெண்ட் கல்லு), போரோதெர்மா (துளை விட்டு சுட்ட களிமண் கல்லு), சாதா செங்கல்லா. கூடவே நெட்ல எடுத்த ஒரு படமும் போட்டிருக்கீங்க, வெள்ளைச் சுவரு, கருப்பு ஜன்னல், ரெண்டு பக்கமும் சரிஞ்ச கூரை, ஹால்ல தரையில இருந்து மேல வரைக்கும் கண்ணாடி. கேள்வி கல்லப் பத்தி இருந்தாலும் உங்க கவலை என்னன்னு புரியுது, ஏப்ரல் மே வெயில்ல வயசான ரெண்டு பேர் மத்தியானம் அந்த வீட்டுக்குள்ள படுக்க முடியுமா, ராத்திரி தூக்கம் வருமா. நான் சிவில் படிச்சுட்டு கோயமுத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கம் பல வருஷமா தோட்டத்து வீடுகதான் டிசைன் பண்ணிக் கட்டிக் கொடுத்துட்டு இருக்கேன். அதுல உறுதியா தெரிஞ்சதயும், பலபேர் சொல்லியும் எனக்கு நம்பிக்கை வராததயும் பிரிச்சே சொல்றேன்.

முதல்ல கணக்கு. 25 லட்சத்த 1,800ஆல வகுத்தா சதுர அடிக்கு 1,389 ரூபா. இந்த ரேட்டுக்கு ஒழுங்கா கட்ட முடியாது, ஒத்துக்கிட்டு வர்ற கான்ட்ராக்டர் கம்பியில குறைப்பார், சிமெண்ட்ல குறைப்பார், கடைசியில கையில காசு இல்லாம மொட்டை மாடி மேல ஒண்ணுமே போடாம விட்டுட்டுப் போவார், வீடு கொதிக்கிறது அங்கதான் ஆரம்பிக்குது. அதனால வீட்ட சின்னதாக்குங்கன்னு முதல்லயே சொல்லிடுறேன். 1,050 சதுர அடி போதும், ரெண்டு பெட்ரூம், நடுவுல ஹால், சமையக்கட்டு, ரெண்டு பாத்ரூம், தேங்கா, உரம், மண்வெட்டி போட்டு வைக்க ஒரு ஸ்டோர். சதுர அடிக்கு 2,000ன்னு வச்சா 21 லட்சம், மீதி 4 லட்சத்த தாழ்வாரம், கூரை மேல போடுற வேலை, சோலார் மூணுக்கும் பிரிச்சுக்கலாம். 2,000ங்கறதே இறுக்கமான கணக்குதான், மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், எலிவேஷன் டைல்ஸ் இதெல்லாம் இல்லாம எளிமையா போனாத்தான் அதுக்குள்ள நிக்கும். பொங்கலுக்கு எல்லாரும் வந்தா இடம் பத்தாதேன்னு நெனைப்பீங்க, வருஷத்துல நாலு நாளுக்காக 750 சதுர அடி ரூம் கட்டுறதுக்குப் பதிலா நல்ல அகலமான தாழ்வாரம் கட்டுங்க, அதுல கட்டில் போட்டுப் படுத்துக்கலாம், மீதி 361 நாளும் அப்பா அம்மா உக்காந்திருக்கப் போற இடமும் அதுதான்.

இப்ப கூரை. உடுமலை ஏறக்குறைய பத்தரை டிகிரி வடக்கு அட்சரேகையில இருக்கு, ஏப்ரல் 3வது வாரத்துல சூரியன் நடுப்பகல்ல நேரா உச்சந்தலைக்கு மேல நிக்கும், ஆகஸ்ட் கடைசி வாக்குல திரும்பவும் ஒரு தடவ. அந்த நேரத்துல ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில விழுகுற வெயில் ஏறக்குறைய 1,000 வாட், சுவத்துல விழுகுறது அதுல ஒரு சின்னப் பங்கு. ஒண்ணும் போடாத காங்கிரீட் மேல்பரப்பு ஏப்ரல் மத்தியானம் 55, 60 டிகிரி வரைக்கும் போகும். அதவிட மோசம் சாயங்காலம்தான். காங்கிரீட்டு அடுப்ப அணைச்ச தோசைக்கல்லு மாதிரி, வெயில் போனதுக்கப்புறமும் ஏழு மணியில இருந்து நடுராத்திரி வரைக்கும் கீழ சூட்ட விட்டுக்கிட்டே இருக்கும், ஃபேன் போட்டா மேல இருக்குற அந்த சூட்டக் காத்தத்தான் கீழ தள்ளுது. நம்ம ஊர்ல எல்லாரும் ராத்திரி தூக்கம் வரலன்னு புலம்புறது இதனாலதான். மத்திய அரசோட ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018ன்னு வீடுகளுக்கான எனர்ஜி கோடு ஒண்ணு இருக்கு, அதுல கூரையோட யூ வேல்யூ 1.2க்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்கு, அதாவது வெப்பம் எவ்வளவு சுலபமா கடந்து வருதுங்கற அளவு. வெறும் 6 இன்ச் காங்கிரீட்டுக்கு அது 3க்கு மேல வரும். சுவருக்கு எந்தக் கல்லு போட்டாலும் கூரைய இப்படியே விட்டா அந்தக் காசு வீண். உங்க பட்ஜெட்ல ஒண்ணு, ஒண்ணரை லட்சம் கூரை மேல போடுறதுக்குன்னு இப்பவே தனியா எடுத்து வைங்க, டைல்ஸ் கடைக்குப் போகும்போது அதுல கைய வைக்காதீங்க.

என்ன போடலாம்னா, காங்கிரீட் மேல முதல்ல வாட்டர்ப்ரூஃபிங், அதுக்கு மேல வெப்பத்த தடுக்க 2 இன்ச் எக்ஸ்பிஎஸ்ங்கற கெட்டியான ஃபோம் போர்டு, அதுக்கு மேல வாட்டம் பாத்து ஸ்க்ரீட், அதாவது சிமெண்ட் கலவைத் தளம் போட்டு வெள்ளை கூலிங் டைல்ஸ். இது ஒண்ணு போட்டாலே யூ வேல்யூ 1க்குக் கீழ வந்துரும். இன்சுலேஷன் காங்கிரீட்டுக்கு மேல இருக்கணும், கீழ ஃபால்ஸ் சீலிங்ல ஒட்டுறது ரெண்டாம்பட்சம்தான், ஏன்னா அப்ப காங்கிரீட்டு முழுசா சூடாயி விரிஞ்சு சுருங்கி நாளைக்கு வெடிப்பு விடும். எக்ஸ்பிஎஸ்க்கு காசு பத்தலன்னா நம்ம பெரியவங்க செஞ்ச மாதிரி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 3, 4 இன்ச் கெட்டிச்சு மேல தட்டு ஓடு பதிங்க, அது எக்ஸ்பிஎஸ் அளவுக்கு தடுக்காது, ஆனா ஒண்ணுமில்லாததுக்கு எவ்வளவோ மேல், இப்ப சுண்ணாம்பு ஜல்லி கெட்டிக்கத் தெரிஞ்ச ஆள் கெடைக்கிறதுதான் கஷ்டம். வெள்ளை பெயிண்ட் மட்டும் அடிச்சா போதுமான்னா, புதுசா இருக்கும்போது வெயில்ல முக்கால்வாசிய திருப்பி அனுப்பும், உள்ள 2ல இருந்து 4 டிகிரி வரைக்கும் வித்தியாசம் தெரியும், பத்து டிகிரி குறையும்னு டப்பாவுல போட்டிருக்குறது கூரையோட மேல்பரப்புச் சூடு, நீங்க மூச்சு விடுற காத்தோட சூடு இல்ல. தோப்புல தூசியும் பாசியும் படியும், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதடவ கழுவி அடிக்கணும், பெரியவங்களால முடியுமான்னு யோசிச்சுக்கோங்க.

படத்துல இருக்குற மாதிரி சரிஞ்ச கூரை வேணும்னா அது நம்ம ஊருக்கும் சரிதான், பழைய தோட்டத்துச் சாளையெல்லாம் ஓட்டுக் கூரைதானே. காங்கிரீட் இல்லாம ஜிஐ ட்ரஸ், அதாவது இரும்புச் சட்டம் அடிச்சு, அடியில சீலிங் ஓடு, மேல மங்களூர் ஓடு, நடுவுல காத்து போக இடைவெளி, உச்சியில சூடு வெளிய போக ஒரு வழி விட்டா ராத்திரி சீக்கிரமே ஆறிடும், காங்கிரீட் மாதிரி சூட்ட தேக்கி வைக்காது. ஆனா தென்னந்தோப்புல ரெண்டு விஷயம் பாக்கணும். ஒண்ணு, காயும் மட்டையும் விழும். ஓட்டு மேல ஒரு நெத்துக்காய் விழுந்தா ஓடு போச்சு, சோலார் பேனல் மேல விழுந்தா அதுவும் போச்சு. மட்டை நீளம் 15ல இருந்து 18 அடி வரைக்கும் வரும், அதனால வீட்டோட எந்த விளிம்பும் எந்தத் தென்னைக்கும் 20 அடிக்குள்ள வராத மாதிரி எடத்த தேர்வு பண்ணுங்க, ரெண்டு மூணு மரம் எடுக்க வேண்டி வந்தா இப்பவே அப்பாகிட்ட பேசிடுங்க, அவர் வச்ச மரமா இருக்கும். ரெண்டாவது காத்து. நீங்க இருக்குறது பாலக்காட்டுக் கணவாய் காத்து நேரா வந்து அடிக்கிற எடம், சும்மாவா சுத்தி அத்தனை காத்தாலை நிக்குது. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றது உங்க ஊருக்கு அப்படியே பொருந்தும். ட்ரஸ்ஸ சுவத்து மேல சும்மா தூக்கி வச்சு சிமெண்ட் பூசி விடக்கூடாது, சுத்தி பெல்ட் காங்கிரீட் போட்டு அதுல போல்ட் பதிச்சு ட்ரஸ்ஸ முடுக்கணும், ஓரத்துல இருக்குற ரெண்டு வரிசை ஓட்ட கம்பி போட்டு கட்டணும். தாழ்வாரத்துக்கு ஷீட் போட்டாலும் இதே கதைதான். என் விருப்பம், வீட்டுக்கு காங்கிரீட் கூரை இன்சுலேஷனோட, தாழ்வாரத்துக்கு மட்டும் ஓடு. எலி, அணில், மரநாய் தொந்தரவு இல்லாம அம்மா நிம்மதியா இருப்பாங்க.

அடுத்தது வீட்ட எப்படித் திருப்பி வைக்கிறது, இதுக்கு ஒத்தப் பைசா செலவு கெடையாது. நீளம் கெழக்கு மேக்கா ஓடணும், குட்டைப் பக்கம் கெழக்கயும் மேக்கயும் பாக்கணும். 50 அடி நீளம், 21 அடி அகலம்னு வச்சா 1,050 ஆச்சு. தெக்கு, வடக்கு சுவத்துக்கு 2 அடி சன்ஷேடு போதும், டிசம்பர்ல தெக்கால சாயுற சூரியன் கூட நடுப்பகல்ல 55 டிகிரிக்கு மேலதான் நிக்கும். மேக்கு வெயில்தான் சிக்கல், அது தாழ்வா வந்து சன்ஷேடுக்கு அடியில புகுந்துரும். 9 இன்ச் செங்கல் சுவத்துல மூணு நாலு மணிக்கு ஏறுன சூடு உள்பக்கம் வந்து சேர ஏழெட்டு மணி நேரம் ஆகும், கரெக்டா நீங்க படுக்கப் போகும்போது. இங்கதான் வாஸ்து வந்து நிக்கும், கன்னி மூலையில அப்பா அம்மா ரூம் வரணும்னு சொல்லுவாங்க, அது தென்மேற்கு, வீட்லயே அதிகமா சூடேறுற மூலை. இதுக்காக வீட்ல யாரும் சண்ட போட வேண்டாம், ரூம அங்கயே வைங்க, ஆனா மேக்குச் சுவத்துல ஜன்னலே வேண்டாம், ஒண்ணு ரெண்டு சின்ன வெண்டிலேட்டர் போதும், உள்பக்கம் அந்தச் சுவரு முழுக்க அலமாரி வரட்டும், வெளிய 8 அடி அகலத்துக்கு தாழ்வாரம் போட்டு அதோட விளிம்ப 7 அடி உயரத்துக்கு இறக்குங்க. சாயங்காலம் நாலு மணி வெயிலு சுவத்துல கீழ ரெண்டரை அடிதான் தொடும், அதுக்கு மேல நெழல். அந்த ரெண்டரை அடிக்கும் முன்னாடி ஒரு வரிசை செம்பருத்தியோ கருவேப்பிலையோ வச்சா முடிஞ்சுது. பாத்ரூமும் ஸ்டோரும் வாயு மூலை, அதாவது வடமேற்குப் பக்கம் போகட்டும், அதுவும் மேக்கு வெயில தாங்கி நிக்கும், வாஸ்துக்காரரும் ஒண்ணும் சொல்ல மாட்டார். சமையக்கட்டு அக்னி மூலையில, அதாவது தென்கிழக்குல வர்றது உங்க ஊருக்கு நல்லாவே ஒத்துப்போகுது, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேக்காத்து அடிக்கும்போது புகையும் தாளிப்பு நெடியும் வீட்டுக்குள்ள வராம கெழக்கால வெளிய போயிரும்.

அந்தப் படத்தப் பத்தி. அது அமெரிக்காவுல இப்ப ஓடுற ஸ்டைல், பனி விழுகுற குளிர் நாட்டுல வெயில் வீட்டுக்குள்ள வரணும்னு பெரிய கண்ணாடி வைக்கிறாங்க, அவங்களுக்கு அது தேவை. அதுல இருந்து நமக்கு எடுத்துக்க வேண்டியது வெள்ளைச் சுவரும், முன்னாடி இருக்குற அகலமான தாழ்வாரமும், சுத்தமான நேர்கோட்டு அமைப்பும். விட வேண்டியது கண்ணாடி. மேக்கப் பாத்து 6 அடிக்கு 7 அடி கண்ணாடி வச்சீங்கன்னா சாயங்காலம் நாலு மணிக்கு அது வழியா மட்டும் ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல வெப்பம் உள்ள வரும், அத வெளிய எடுக்க ஒரு டன் ஏசியில பாதி வேலை போயிரும். கருப்பு அலுமினிய ஃப்ரேமும் மேக்குப் பக்கம் வேண்டாம், மத்தியானத்துக்கு மேல கை வைக்க முடியாது. அந்த லுக்கு கண்டிப்பா வேணும்னா வடக்குப் பக்கம், ஆழமான தாழ்வாரத்துக்கு அடியில வைங்க, அங்க நேர் வெயில் கம்மி. இன்னொன்னு, அந்தப் படத்துல வீடு எல் மாதிரி மடங்கி ரெண்டு கூரை ஒண்ணுக்கொண்ணு குறுக்க வெட்டிக்குது, வெட்டிக்குற அந்தப் பள்ளத்துலதான் மழைத்தண்ணி ஒழுகும், ஒவ்வொரு மடிப்புக்கும் சுவரும் கூடும் காசும் கூடும். ஒரே செவ்வகமா கட்டுங்க. தொட்டிக்கட்டு வீடு மாதிரி நடுவுல முற்றம் விட்டா நல்லா இருக்கும்னு யாராவது சொல்லுவாங்க, 3,000 சதுர அடி வீட்டுக்கு அது அருமை, எனக்கும் ரொம்பப் பிடிச்ச அமைப்பு, ஆனா 1,050ல முற்றம் வச்சா ரூம் எல்லாம் சந்து மாதிரி ஆயிரும், மேல கிரில், கீழ தண்ணி போக வழி, ஈரத் தரையில வயசானவங்க வழுக்குற பயம், இத்தனையும் சேரும். விட்ருங்க.

ஜன்னல் விஷயத்துல பழக்கத்த கொஞ்சம் மாத்தணும். மார்ச்ல இருந்து மே வரைக்கும் காலையில பத்து மணியில இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் ஜன்னல சாத்தி வைக்கச் சொல்லுங்க, அப்ப வெளிக்காத்து 36, 37 டிகிரி, அத உள்ள விட்டா சுவரும் தரையும் சூடேறிரும். சாயங்காலத்துல இருந்து விடியக்காலம் வரைக்கும் எல்லாத்தயும் தெறந்து விடணும், ராத்திரிக் குளுமைய சுவரு வாங்கி வச்சுக்கும். இது உறுதியா வேலை செய்யும், ஆனா கூரைக்கு இன்சுலேஷன் போட்ட வீட்டுலதான். தோப்புக்குள்ள ராத்திரி ஜன்னல தெறந்து வைக்கணும்னா நல்ல கிரில்லும் கொசுவலையும் கண்டிப்பா வேணும், வலை போட்டா காத்து கணிசமா குறையும்ங்கறதால ஜன்னல ஆரம்பத்துலயே கொஞ்சம் பெருசா வைங்க, ஸ்லைடிங் வேண்டாம், அது பாதிதான் தெறக்கும், கதவு மாதிரி தெறக்குறது வைங்க. ஒவ்வொரு ரூமுக்கும் எதிர்எதிரா இல்லன்னாலும் ரெண்டு சுவத்துல தெறப்பு இருக்கணும், ஒரே ஜன்னல் இருக்குற ரூம்ல காத்து உள்ள வராது, வெளிய போக வழி இருந்தாத்தான் வரும். ஆடி மாசத்து மேக்காத்துக்கு ஏத்த மாதிரி ஜன்னல மேக்க சின்னது, கெழக்க பெருசுன்னு வச்சா தூசியும் குறையும், உள்ள காத்தும் ஓடும்.

இப்ப நீங்க கேட்ட கல்லு. மூணுமே நல்லதுதான், வெறும் வெப்பத் தடுப்ப மட்டும் பாத்தா ஏஏசியும் போரோதெர்மும் சாதா செங்கல்ல விட மேல, அதுல சந்தேகமில்ல. ஆனா நீங்க கட்டுறது தோப்புக்குள்ள, கிராமத்துக் கொத்தனார வச்சு. ஏஏசிக்கு தனி பசை, தனி பூச்சு முறை, பழக்கமில்லாதவங்க சாதா கலவைய வச்சு கட்டி கெட்டியா பூசுனாங்கன்னா மயிர் வெடிப்பு விடும், மழைக்காலத்துல ஓதம் இறங்கும். போரோதெர்ம் லோடு தோப்புப் பாதையில குலுங்கி வர்றதுக்குள்ள ஒரு பங்கு உடையும், வெட்டுறதுலயும் வீணாகும். என் பரிந்துரை, பக்கத்துச் சூளையில கெடைக்கிற சேம்பர் செங்கல்லயே ரேட் ட்ராப் பாண்டுல கட்டுங்க. லாரி பேக்கர்ங்கற கட்டடக் கலைஞர் திருவனந்தபுரத்துல உக்காந்துக்கிட்டு கேரளா முழுக்க பரப்புன முறை அது, கல்ல படுக்க வைக்காம நிமித்தி வச்சு கட்டும்போது சுவத்துக்கு நடுவுல இடைவெளி விழும், கல்லு ஏறக்குறைய கால்வாசி மிச்சம், கலவையும் மிச்சம், நடுவுல இருக்குற காத்து வெப்பத்தயும் தடுக்கும். கல்லு ஒரே அளவா இருக்கணும், அளவு மாறுற நாட்டுச் செங்கல்ல இத முயற்சி பண்ணாதீங்க, ஒரு பக்கம் நேரா வந்தா மறுபக்கம் கோணும். அடி வரிசை, ஜன்னல் அடி, லிண்டல் மட்டம், மேல் வரிசை, மூலை, கதவு ஜன்னல் ஓரம் எல்லாம் இடைவெளி இல்லாம கெட்டியா வரணும், இல்லன்னா எறும்பும் கறையானும் உள்ள குடி வந்துரும். ஒயரிங் பைப்பு எங்க எங்க வரும்னு கட்டுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, கட்டுனதுக்கப்புறம் மெஷின் வச்சு படுக்கவாட்டுல காடி வெட்டுனா நிமித்தி வச்ச கல்லு பிளந்துரும். கொத்தனாருக்கு பழக்கமில்லன்னா முதல் நாள் ஸ்டோர் ரூம் பக்கம் நாலடிக்கு ஒரு மாதிரிச் சுவரு கட்டச் சொல்லிப் பாருங்க, கை வந்துரும். கொஞ்சமும் வராதுன்னு தெரிஞ்சா பிடிவாதம் பண்ணாம சாதா 9 இன்ச் சுவருக்கே போயிருங்க, கூரையும் நெழலும் சரியா இருந்தா அதுலயே வீடு குளுமையாத்தான் இருக்கும். தோண்டுற மண்ணுலயே கல்லு அறுத்து கட்டலாமான்னு அடுத்து கேப்பீங்க, செவலை மண்ணா இருந்தா தாராளமா, சிமெண்ட் 5ல இருந்து 8 சதவீதம் கலந்து மெஷின்ல அழுத்தி எடுக்குறது, ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்ல இதுக்கு பயிற்சியே கொடுக்குறாங்க. கரிசல் மண்ணுன்னா அந்த நெனப்பே வேண்டாம்.

கரிசல்னு சொன்னதும் ஒண்ணு, உடுமலை சுத்துல ரெண்டு மண்ணும் மாறி மாறி வரும். ஒரு ஜேசிபி வச்சு 6 அடிக்கு குழி எடுத்துப் பாருங்க. கரிசல் மண்ணு மழையில உப்பும், வெயில்ல சுருங்கி வாய் பிளக்கும், சாதா அஸ்திவாரம் போட்டா சுவரு கிழியும். அப்படி இருந்தா அண்டர் ரீம்டு பைல், அதாவது அடியில குமிழ் மாதிரி அகலமா வர்ற தூண் அஸ்திவாரம் போட வேண்டி வரும், மேல சொன்ன பட்ஜெட் கணக்கு அப்படியே மாறும், ஹால்ல ரெண்டடிய குறைக்க வேண்டி வரலாம். இதுல என் வார்த்தைய வச்சு முடிவு பண்ணாதீங்க, மண்ணு டெஸ்ட் எடுத்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து போட்ட டிராயிங் இல்லாம கடக்கால் வெட்டாதீங்க. பேஸ்மட்டம் தரையில இருந்து 2 அடியாவது இருக்கட்டும், பாம்பு, தேள், மழைத்தண்ணி மூணுக்கும் அது நல்லது, பெரியவங்களுக்காக படிக்குப் பக்கத்துல ஒரு சரிவும் கைப்பிடியும் வைங்க. தரைக்கு ஆத்தங்குடி கல்லோ காவித் தரையோ போட்டா காலுக்கு குளுமையா இருக்கும், பட்ஜெட் இல்லன்னா சாதா டைல்ஸும் தப்பில்ல, குளுமை வர்றது முக்கியமா கீழ இருக்குற மண்ணுல இருந்துதான். பாத்ரூம்ல மட்டும் வழுக்காத டைல்ஸ் பாத்து வாங்குங்க.

இப்ப நான் சந்தேகமா பாக்குற விஷயங்கள். மண்ணுக்கடியில பைப்ப பதிச்சு அது வழியா காத்த இழுத்தா ஏசி மாதிரி வரும்னு வீடியோ நெறைய சுத்துது. மண்ணுக்கடியில பத்துப் பன்னெண்டு அடியில இருக்குற சூடு அந்த ஊரோட வருஷ சராசரிய ஒட்டி இருக்கும், நம்ம பக்கம் 27, 28 டிகிரி. ஆகவே ரொம்ப நல்லா செஞ்சாலும் 29, 30ல காத்து வரும், பைப்புக்குள்ள ஈரம் சேந்து பூஞ்சை வாடை வர்ற வாய்ப்பும் இருக்கு, வட இந்தியாவுல குளிர்காலமும் கோடைகாலமும் ரொம்ப விலகி நிக்கிற எடத்துல பிரயோஜனம் அதிகம், இங்க அந்தக் காச கூரையில போடுங்க. சுண்ணாம்புப் பூச்சு போட்டா வீடு மூச்சு விடும், அஞ்சு டிகிரி குறையும்னு சொல்றதும் பாதிதான் சரி, ஓதத்துக்கும் வெடிப்புக்கும் சுண்ணாம்பு நல்லது, வெள்ளையா இருக்குறதால வெயில திருப்பும், அரை இன்ச் பூச்சு பெருசா வெப்பத்த தடுக்காது. கூரைய 12, 13 அடிக்கு தூக்குனா குளுமைன்னு சொல்றதும் அப்படித்தான், 10 அடிக்கு மேல போறதுல கெடைக்கிற லாபம் ரொம்பக் கம்மி, சுவரும் பூச்சும்தான் கூடும். ஃபில்லர் ஸ்லாப்னு காங்கிரீட் நடுவுல ஓடு வச்சு போடுறது காங்கிரீட்ட மிச்சம் பிடிக்க நல்ல முறை, பாக்கவும் அழகு, ஆனா அதுவே இன்சுலேஷன்னு நெனச்சு மேல ஒண்ணும் போடாம விட்டுடாதீங்க.

கரண்ட்டுக்கு வருவோம். தோட்டத்து மோட்டார் இலவச சர்வீஸ்ல இருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்குறது சட்டப்படி தப்பு, மாட்டுனா அபராதம், சர்வீஸே போற அபாயமும் இருக்கு, வீட்டுக்குன்னு தனி இணைப்பு வாங்குங்க, அதுலயும் ரெண்டு மாசத்துக்கு குறிப்பிட்ட யூனிட் வரைக்கும் இலவசம்தான். ஃபேன் எல்லாமே பிஎல்டிசி வாங்குங்க, பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், இது 30 வாட். நாலு ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துல ஏறக்குறைய 130 யூனிட் மிச்சம். வெந்நீருக்கு கீசரே வேண்டாம், தோப்புல மட்டையும் பாளையும் காய்ஞ்சு கெடக்கும்போது பின்னாடி தாழ்வாரத்துல ஒரு அண்டா அடுப்பு போதும், அப்பா அம்மாவால அடுப்பு எரிக்க முடியாத காலம் வரும்னு நெனச்சா சோலார் வாட்டர் ஹீட்டருக்கு பைப் லைன் மட்டும் இப்பவே விட்டு வைங்க. சோலார் பேனல் 1 கிலோவாட் தினம் சராசரியா 4 யூனிட் கொடுக்கும், ரெண்டு மாசத்துக்கு 240, ஏசி இல்லாத ரெண்டு பேர் வீட்டுக்கு அதுவே தாராளம். பிஎம் சூர்யா கர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணுக்கும் அதுக்கு மேலயும் 78,000 மானியம்னு இருக்கு, மானியம் கூட வருதுன்னு 3 கிலோவாட் போடச் சொல்லி விக்கிறவங்க சொல்லுவாங்க, உங்களுக்குத் தேவையில்ல. முக்கியமா ஒண்ணு, ஆன்கிரிட் சோலார், அதாவது லைனோட சேத்து மாட்டுறது, லைன் கரண்ட் போனா அதுவும் நின்னுரும், லைன்மேன் பாதுகாப்புக்காக அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க. தோப்புக்குள்ள காத்தடிச்சா மட்டை விழுந்து லைன் போறது சகஜம், அதனால சின்னதா ஒரு இன்வெர்ட்டர் பேட்டரி தனியா வேணும், பிஎல்டிசி ஃபேனா இருந்தா ஒரே பேட்டரியில ராத்திரி முழுக்க ஓடும்.

மழைத்தண்ணியயும் விடாதீங்க. வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் பெஞ்சாலே 1,000 சதுர அடி கூரையில ஏறக்குறைய 55,000 லிட்டர் விழும், பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில. 10,000 லிட்டர் தொட்டி ஒண்ணு கட்டி வடிகட்டி அதுல விட்டா சமையலுக்கும் குடிக்கவும் சப்புத்தண்ணிய நம்பி இருக்க வேண்டாம், தொட்டி நிறைஞ்சு வழியிறத கெணத்துப் பக்கம் திருப்பி விடுங்க.

தோட்ட பூமியில வீடு கட்ட அனுமதி, பேங்க் லோன் இதெல்லாம் என் வேலை இல்ல, கட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பஞ்சாயத்துலயும் டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) ஆபீஸ்லயும் நேர்ல போய் கேட்டு எழுத்துல வாங்கிடுங்க. ரேட்டும் நான் சொன்னது ஒரு திட்டத்துக்குத்தான், மூணு கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்க, கூரை இன்சுலேஷன் தனி வரியா அதுல இருக்கான்னு கண்டிப்பா பாருங்க. மண்ணு செவலையா கரிசலா, வீடு வர்ற எடத்துக்கு மேக்கால மரம் இருக்கா வெட்டவெளியா, பாதை எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு மூணையும் எழுதி, தோப்போட ஒரு ஸ்கெட்ச்ச கையால வரைஞ்சாவது போடுங்க, வடக்கு எதுன்னு அதுல அம்புக்குறி போட்டுருங்க. எந்த ரூம எங்க வைக்கலாம்னு பாத்து சொல்றேன்.